விரால் வளர்க்க எது ஏற்றது: குட்டையா, பயோஃபிளாக்கா, அக்வாபோனிக்ஸா?

ஐம்பது சென்ட் நிலம், கோடையிலும் வற்றாத ஒரு போர்வெல், கையில் பத்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாய். இதை வைத்து நாட்டு நன்னீர் மீன் வளர்க்கக் கிளம்புகிறவருக்குத் தமிழ்நாட்டில் இன்று மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை ஒன்று. கழிவை நுண்ணுயிர்த் திரளாக்கும் பயோஃபிளாக் தொட்டி இரண்டாவது. மீன் தொட்டி நீரைக் கீரைப் படுகை வழியாகச் சுழற்றி, மீன் கழிவில் கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் மூன்றாவது. மூன்றிலும் மீன் வளரும், அதில் சந்தேகமில்லை. போட்ட முதல் எதில் திரும்பும் என்பதில்தான் வேறுபாடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மீனை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த மூன்றில் அக்வாபோனிக்ஸ் கடைசி. கீரையைக் கிலோ எண்பது ரூபாய்க்கு வாரம் தவறாமல் வாங்கும் ஆட்கள் முன்கூட்டியே கையில் இருந்தால் மட்டும் அது குட்டையோடு போட்டி போடும். இடையில் ஒரு நான்காவது வழியும் உண்டு. யாரும் விளம்பரம் செய்யாததால் அது பேச்சில் அடிபடுவதில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

எந்த மீன்?

நாட்டு மீன் என்று நாம் சொல்லும் பட்டியலிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். காவிரிக்கும் நம் ஏரிகளுக்கும் அவை கொண்டுவந்து விடப்பட்டவை. சேல் கெண்டையும் கல்பாசும் இந்த மண்ணுக்குரியவை. கெண்டை வகைகள் எதுவானாலும் தொட்டிக்குப் பொருந்தாது. அகலமான நீர்ப்பரப்பும் இயற்கைத் தீனியும் வேண்டும், நெருக்கடி தாங்காது, ஆந்திரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் லோடு விலையை அடித்துவிடும். குட்டையில் எக்டருக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் குஞ்சு விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்ப்பதே அவற்றுக்குச் சரி.

பனையேறிக் கெண்டை பெயரில் மட்டும்தான் கெண்டை. காற்றைச் சுவாசிக்கும், நெருக்கத்தைத் தாங்கும், சுவையும் உண்டு. ஆனால் ஆறேழு மாதத்தில் நூறு, நூற்றைம்பது கிராம்தான் வரும். கேட்டு வாங்கும் உள்ளூர்ச் சந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நாட்டுக் கெளுத்தி என்னும் மாகூரில் தடங்கல் குஞ்சுதான். பெண் மீனுக்கு ஊசி போட்டு முட்டையைப் பிதுக்கி எடுக்கலாம். ஆண் மீனிலிருந்து விந்து அப்படி வராது, அறுத்து விந்தகத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு இனப்பெருக்கத்துக்கும் ஆண் மீன்கள் செத்துப்போவதால் குஞ்சுப் பொரிப்பகங்கள் அதிகம் கை வைப்பதில்லை. இந்தத் தட்டுப்பாட்டில்தான் மோசடி நுழைகிறது. மாகூர் என்று சொல்லி விற்கப்படுவதில் ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்திருக்கும். அதை இந்தியாவில் வளர்க்கத் தடை இருக்கிறது. பிடிபட்டால் தொட்டியில் உள்ள மீன் முழுவதையும் அழிப்பார்கள். பின்னந்தலை எலும்பைத் தடவிப் பார்த்தால் நாட்டு ரகத்தில் ஒற்றைக் கூர்முனை தெரியும், ஆப்பிரிக்க ரகத்தில் இரண்டு மேடும் நடுவில் பள்ளமுமாக இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே தாய் மீனைக் காட்டாத இடத்தில் வாங்க வேண்டாம்.

ஜிலேபி நாட்டு மீன் இல்லை. முதல் ரகம் 1952-ல் இந்தியாவுக்கு வந்து ஏரி குளமெல்லாம் பரவி நாட்டு இனங்களை நெருக்கியது. இப்போது வளர்க்கப்படும் கிஃப்ட் ஜிலேபி மேம்படுத்தப்பட்ட ரகம். அதற்கு மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். அக்வாபோனிக்ஸ் நூல்களில் உள்ள பெரும்பாலான அளவுகள் ஜிலேபியை வைத்து எழுதப்பட்டவை என்பதால், அதை விட்டு விலகுகிறவர் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீதி இருப்பது விரால். தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் உயிரோடு விற்றால் நன்னீர் மீன்களில் இதற்குத்தான் நல்ல விலை. ஒன்பது, பத்து மாதத்தில் 600 முதல் 800 கிராம் வரும். செவுளோடு காற்றறையும் இருப்பதால் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும்.

இந்தக் கடைசிக் குணம் தொட்டி வளர்ப்பில் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். கன மீட்டருக்கு 30 கிலோ ஜிலேபி இருக்கிறது. ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும் என்றால், கன மீட்டருக்கு மணிக்கு 7.5 கிராம். நீரில் இருப்பதோ 6 கிராம். இரவு கரண்ட் போய் இன்வெர்ட்டரும் இயங்காவிட்டால் முக்கால் மணி நேரத்தில் மீன் மிதக்கும். விரால் அதே இரவை எந்தச் சேதமுமின்றிக் கழித்துவிடும்.

ஆனால் இதையே வைத்து விராலுக்குக் காற்று தேவையில்லை என்று நீரில் காற்றூதும் புளோயரைக் குறைப்பது தவறு. மீனுக்குத் தேவையில்லை, மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவைச் செடி உண்ணும் நைட்ரேட்டாக மாற்றும், வடிகட்டியில் உள்ள பாக்டீரியாவுக்குத் தேவை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அது 4.57 கிராம் ஆக்சிஜனைத் தின்னும். கீரை வேருக்கும் லிட்டருக்கு நான்கைந்து மில்லிகிராமாவது வேண்டும். விரால் சாகாது என்பதால் தவறும் உடனே தெரியாது. வேர் பழுப்பாகி, பாதி வழியில் மாறி நிற்கும் நைட்ரைட் ஏறி, தீனி எடுப்பது குறைந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் ஏதோ கோளாறு என்று புரியும்.

நான்கு தொட்டி, நூறு சதுர மீட்டர் கீரை

அக்வாபோனிக்ஸில் மீன் தொட்டிக்கும் கீரைப் படுகைக்கும் உள்ள விகிதத்தை மீனின் எடையால் அளக்கக் கூடாது. ஒரு நாளில் போடும் தீவனத்தால் அளக்க வேண்டும். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி குழு பல ஆண்டுகள் நடத்திய, கீரையைத் தெர்மாகோல் பலகையில் நீர் மேல் மிதக்கவிடும் மிதவைப் படுகை முறையிலிருந்து வந்த அளவு இது: சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம். அது 32 சதவீதப் புரதமுள்ள ஜிலேபித் தீவனம். விராலுக்கு 40 முதல் 45 சதவீதம் வேண்டும். தீவனத்தின் எடையைப் புரத விகிதத்தாலும் 0.092-ஆலும் பெருக்கினால் நீரில் சேரும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். கிலோவுக்கு ஜிலேபித் தீவனத்தில் 29 கிராம், 42 சதவீத விரால் தீவனத்தில் 39 கிராம். ஒரே எடைத் தீவனம், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை. வடிகட்டியை ஜிலேபிக் கணக்கில் கட்டிவிட்டு விரால் விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், தீவனம் ஒரே அளவில் நிற்காது. 15 கன மீட்டர் தொட்டியில் 600 குஞ்சு விட்டால் முதல் மாதம் நாளுக்கு அரைக் கிலோவும் போகாது. பிடிக்கும் தறுவாயில் நான்கு கிலோவைத் தாண்டும். படுகையின் பரப்போ மாறாது. தொடக்கத்தில் கீரை பட்டினி கிடக்கும், முடிவில் நைட்ரேட் குவியும். ஆகவே ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் குஞ்சு விடக் கூடாது. ரகோசியின் பண்ணையில் நான்கு தொட்டி வைத்து, ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று சுழற்சியில் பிடித்தார்கள். விரால் நாற்பது வாரம் எடுப்பதால் நமக்குப் பத்து வாரத்துக்கு ஒரு தொட்டி.

அந்த அமைப்பின் வரவு செலவைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் நீர் உயரம் கொண்ட நான்கு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் 600 குஞ்சு, 85 சதவீதம் தேறும், சராசரி 700 கிராம். ஒரு தொட்டிக்கு 357 கிலோ, ஆண்டுக்கு ஐந்து பிடிப்பு, ஏறக்குறைய 1,800 கிலோ. கிலோ 300 ரூபாய் என்றால் 5.4 லட்சம்.

செலவில் தீவனமே முதல். ஒரு கிலோ மீனுக்கு 1.4 கிலோ வீதம் இரண்டரை டன், கிலோ 110 ரூபாயில் 2.75 லட்சம். தீவனத்துக்குப் பழகிய குஞ்சு 3,000, ஒன்று 12 ரூபாய், மொத்தம் 36,000. ஒரு எச்.பி. மோட்டாரும் 400 வாட் புளோயரும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூனிட். யூனிட் 7 ரூபாயில் 70,000. மாதம் 12,000 சம்பளத்தில் ஓர் ஆள், 1.44 லட்சம். கூட்டினால் 5.25 லட்சம். மீனில் மிஞ்சுவது பதினைந்தாயிரம்.

இனி கீரை. நாளுக்கு ஏழு கிலோ தீவனம் நூறு சதுர மீட்டர் படுகையைத் தாங்கும். சதுர மீட்டருக்கு ஒரு அறுப்பில் இரண்டரைக் கிலோ, ஆண்டுக்குப் பதினோரு அறுப்பு, 2,750 கிலோ. மொத்தக் கடைக்குக் கிலோ 25 ரூபாயில் கொடுத்தால் 69,000. விதை, தேங்காய் நார்த்தூள், இரும்புச் சத்து, தெர்மாகோல் மாற்றும் செலவு போக ஐம்பதாயிரம் நிற்கலாம். இதே கீரையை வேரோடு பறித்து, அடுக்குமாடி வீடுகளுக்கு வாரச் சந்தா முறையில் கிலோ 80 ரூபாயில் கொடுத்தால் 2.2 லட்சம். முதலீடு, ஷேட் நெட் கூரையோடு சேர்த்துப் பன்னிரண்டு லட்சத்தைத் தொடும். முதல் வகையில் அது திரும்ப இருபது வருடம் ஆகும், அதற்குள் ஷேட் நெட்டும் மோட்டாரும் பல முறை மாறியிருக்கும். இரண்டாம் வகையில் ஆறேழு வருடத்தில் திரும்பும், வண்டிச் செலவு தனி.

விரால் 400 ரூபாய்க்குப் போனால் 1.8 லட்சம் கூடும் என்று சிலர் உடனே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த 1.8 லட்சம் குட்டையில் வளர்த்த விராலுக்கும் கூடும். படுகையால் வந்த வருமானம் இல்லை அது.

உலகில் ஓடுகிற வணிக அக்வாபோனிக்ஸ் பண்ணைகள் பெரும்பாலும் இலையால்தான் பிழைக்கின்றன. அங்கே விற்பது லெட்யூஸும் பேசிலும். நம் சமவெளியில் லெட்யூஸ் மார்ச் முதல் செப்டம்பர் வரை கனவு. வேர் நீர் 28 டிகிரியைத் தாண்டினால் பித்தியம் பூஞ்சை வேரை அழுகச் செய்யும், செடி தண்டு விட்டுக் கசந்துபோகும். ஓசூரிலும் நீலகிரியிலும் முடியும். அங்கே விரால் குளிரில் தீனி எடுக்காது. சமவெளியில் நம்பத் தகுந்தவை தண்டுக்கீரை, அரைக்கீரை, வள்ளைக்கீரை, புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை. புதினாவும் வல்லாரையும் ஒரு முறை ஊன்றினால் வெட்ட வெட்டத் தழைக்கும் என்பதால் ஆள் வேலை குறைவு. வள்ளைக்கீரை நைட்ரேட்டை வாரி உறிஞ்சும், ஆனால் எல்லா ஊரிலும் விற்காது.

தண்ணீர்தான் தீர்மானிக்கும்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் போர்வெல் நீரின் பி.எச். எட்டை ஒட்டியும், டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) ஆயிரத்துக்கு மேலும் இருப்பது சாதாரணம். பி.எச். 7.5-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கரையாமல் அடியில் படிந்து, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உர வகைகளில், கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈடிடிஏ இரும்பு இந்த நீரில் வீண். டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும், அதற்கு மேல் விலை கூடிய ஈடிடிஎச்ஏ வகைதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கணக்கில் சேர்க்க வேண்டும்.

மஞ்சளைப் பார்த்ததும் அமிலத்தை ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது. மீன் தொட்டியில் நேராக ஊற்றினால் மறுநாளே பி.எச். பழைய இடத்துக்கு ஏறும், மறுபடி ஊற்றுவார்கள், மீன் இரு பக்கமும் இழுபடும். கொஞ்சம் பொறுத்தால் அமைப்பே தன் வேலையைச் செய்துவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாகும்போது, பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை 7.14 கிராம் கரையும். நம் எடுத்துக்காட்டில் நாளுக்கு 270 கிராம் அம்மோனியா நைட்ரஜன், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான காரத்தன்மை தினமும் போகிறது. படுகையையும் சேர்த்து 90 கன மீட்டர் நீரில் லிட்டருக்கு 350 மில்லிகிராம் இருந்தால் கையிருப்பு 31 கிலோ. ஊற்றும் புதுநீர் கொஞ்சம் திருப்பித் தரும், செடியும் கொஞ்சம் தரும். எப்படியும் முழுத் தீவனம் போகத் தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் பி.எச். இறங்கிவிடும். அமிலம் தேவைப்பட்டால் தனித் தொட்டியில் புதுநீரை மட்டும் சரிசெய்து விடுங்கள்.

பிறகு எதிர்ப்பக்க ஆபத்து. காரத்தன்மை தீர்ந்ததும் பி.எச். மெதுவாக இறங்காது, ஒரே வாரத்தில் 6-க்குக் கீழே சரியும். பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா ஏறும். பி.எச். 6.8-ஐத் தொட்டதும் சுண்ணாம்பையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட வேண்டும். மீன் தீவனத்தில் செடிக்குப் போதாத கால்சியமும் பொட்டாசியமும் இப்படியே கிடைத்துவிடும்.

உப்புக்கு இப்படி ஒரு வழி இல்லை. அக்வாபோனிக்ஸில் நாளுக்கு இரண்டு சதவீத நீர் ஆவியாகவும் இலை வழியாகவும் போகும். ஐம்பது நாளில் ஒரு முழுக் கொள்ளளவு நீரை ஊற்றியிருப்பீர்கள். அதில் வந்த சோடியம் எங்கும் போகாது. ஐம்பது நாளுக்கு ஒரு மடங்கு கூடும். தண்ணீர் மிச்சம் என்று சொல்லி விற்கப்படும் முறை, உப்பு நீர் பகுதியில் அந்த மிச்சத்தாலேயே தோற்கிறது. டிடிஎஸ் 1,000-ஐத் தாண்டிய போர்வெல்லில் மழைநீர்த் தொட்டி இல்லாமல் சுழல் அக்வாபோனிக்ஸ் தொடங்க வேண்டாம். விராலுக்கு இந்த உப்பு ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குட்டைக்காரருக்கு இது தலைவலி ஆகாது.

பயோஃபிளாக்கில் விரால்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பயோஃபிளாக்கின் லாபம், கழிவை உண்டு வளரும் நுண்ணுயிர்த் திரளை மீன் திரும்பத் தின்பதில் இருக்கிறது. ஜிலேபி தின்னும். விரால் தின்னாது. அப்படியானால் திரள் வெறும் கழிவுதான், அதை வளர்க்க வெல்லத்துக்கும் காசு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைக் கட்டச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு கிலோ விரால் தீவனத்துக்கு 750 முதல் 800 கிராம் வெல்லம் என்றால் தீவனச் செலவோடு கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பெருகிய பின் அளவு குறையும், என்றாலும் முதல் இரண்டு மாதம் தப்பிக்க முடியாது. கரண்ட் போனால் திரளே ஆக்சிஜனைத் தின்று அடியில் படிந்து அழுகும். விரால் உயிரோடு இருக்கும், நீர் செத்துவிடும்.

பயோஃபிளாக் நீரைக் கீரைப் படுகைக்குத் திருப்பலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. திரள் வேரில் சேறாக ஒட்டி மூச்சடைக்கும். வடிகட்டினால் பயோஃபிளாக்குக்குக் கொடுத்த வெல்லமும் வடிகட்டியில் போய்ச் சேரும். விராலுக்கு இந்த வழி வேண்டாம்.

குட்டை

இருபது சென்ட், அதாவது 800 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம், சரிவோடு சேர்த்து ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட். வெட்டுக்கூலி, வேலி எல்லாம் சேர்ந்து மூன்று, நான்கு லட்சத்தில் முடியும். சதுர மீட்டருக்கு மூன்று குஞ்சு, 70 சதவீதம் தேறினால் 1,680 மீன், 1,176 கிலோ, அதே 300 ரூபாயில் 3.53 லட்சம். தீவனம் இங்கே கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 1.94 லட்சம், குஞ்சு 29,000, கரண்டும் அரை நாள் ஆளும் அறுபதாயிரம். எழுபதாயிரம் நிற்கும். தொகை சிறியதுதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு முதலீட்டில், மொத்தக் கடைக் கீரையோடு ஓடும் அக்வாபோனிக்ஸ் தருவதை இது தந்துவிடுகிறது. முழுநேர ஆள் தேவையில்லை, பி.எச். மீட்டர் தேவையில்லை.

மண் குட்டையாக விடாமல் ஷீட் போடச் சொல்வதற்குக் காரணம் நீர்க்கசிவு மட்டுமில்லை. விரால் சேற்றில் புதையும். நீரை வற்றவிட்டாலும் மண் குட்டையில் ஒரு பங்கு மீன் கைக்குச் சிக்காது, அடுத்த போகத்துக் குஞ்சை அது தின்று தீர்க்கும். மழை இரவில் கரையேறி ஊர்ந்து போவதும் விராலின் வழக்கம். ஒரு மீட்டர் உயர வலைவேலியை அடிப்பகுதி மண்ணில் புதையும்படி கட்ட வேண்டும். நீர்க்காகத்துக்கு மேலே வலை. இந்த இரண்டையும் செலவு என்று விட்டவர்களின் 70 சதவீதம் 40 ஆகிவிடும்.

விளம்பரம் இல்லாத நான்காவது வழி

மீன் நீரைத் திரும்பக் கொண்டுவராமல், ஒரே திசையில் மண்ணுக்கு விடுவது. மேலே சொன்ன அதே நான்கு தொட்டி. தெர்மாகோல் படுகை, ஷேட் நெட் கிடையாது. நாளுக்கு ஏழு சதவீத நீரை அடியில் சேரும் கழிவோடு திறந்து தோட்டத்துக்கு விட்டு, புதுநீர் நிரப்புவது. 60 கன மீட்டரில் ஏழு சதவீதம் 4,200 லிட்டர். சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் பாய்ச்சினால் இருபது சென்ட் காய்கறிக்கு ஒரு நாள் நீர். தோட்டத்துக்கு எப்படியும் போகவேண்டிய நீர் வழியில் ஒரு மீன் தொட்டியைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். உப்பு தேங்காது. பி.எச். எட்டில் இருந்தாலும் பாக்டீரியாவுக்கு நல்லதே. மண் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

இதிலும் ஒரு கணக்கைத் தவறவிடக் கூடாது. நாளுக்கு ஏழு கிலோ தீவனத்தில் 470 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, அதில் 300 கிராம் அளவுக்கு நீரிலும் கழிவிலும் வெளியே வரும். ஆண்டுக்கு 110 கிலோ, ஐந்து மூட்டை யூரியாவுக்கு மேல். இருபது சென்டில் இவ்வளவையும் கொட்டினால் செடி தழைத்துக் காய்க்காது, அசுவினி ஏறும், மிச்சம் கிணற்றுக்கே நைட்ரேட்டாக இறங்கும். பத்து சென்ட் காய்கறி, பத்து சென்ட் கோ 5 நேப்பியர் புல், வரப்பில் வாழை என்று பிரித்து, மீதி நீரைப் பக்கத்துத் தென்னைக்குத் திருப்புங்கள். புல் நைட்ரஜனை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும், இரண்டு மாட்டுக்குத் தீவனமும் ஆகும். அடர்கழிவை மட்டும் தினம் காலையில் தனியாகத் திறந்து வாழைக்கு விடலாம். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஏழு சதவீத மாற்று நீர் மட்டும் போதாது. அம்மோனியாவுக்கு வடிகட்டி இதிலும் வேண்டும். தொட்டிக்கு ஓர் இருநூறு லிட்டர் டிரம்மில் கழிவு படியவைத்து, அடுத்த டிரம்மில் பாக்டீரியா ஒட்டி வளரும் மிதவை மீடியாவை (பிளாஸ்டிக் துண்டுகள்) காற்றூதி வைத்து நீரைச் சுழற்ற வேண்டும். மணிக்கு ஒரு தொட்டி நீர் முழுவதையும் சுழற்றும் ஜிலேபி விதியை விராலுக்குப் பாதியாகக் குறைக்கலாம். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் கட்டாமல் மேல்வழியும் ஒரு குழாய் கட்டாயம், ஏனென்றால் விரால் மூச்சு வாங்குவது அந்தப் பரப்பில்தான்.

முதல் நீரை ஓடவிட்டு வடிகட்டியில் பாக்டீரியா பெருக 28 டிகிரியில் நான்கு வாரமாவது பிடிக்கும். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கிய பிறகே முழு எண்ணிக்கைக் குஞ்சு. பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் ஏழெட்டு சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 7-இல் ஒரு சதவீதம்கூட இராது. கடின நீர்க்காரர்கள் முதல் மாதம் தீவனத்தைக் குறைவாகப் போடவேண்டியது இதனால்தான்.

குஞ்சும் நோயும்

எந்த வழியானாலும் விரால் முதல் அறுபது நாளில் வெல்லும் அல்லது தோற்கும். ஏரியில் பிடித்த செங்குஞ்சு மலிவு. ஆனால் மிதவைத் தீவனத்தைச் சீண்டாது, கருவாட்டுத் தூளும் தீவனமும் பிசைந்து இரண்டு, மூன்று வாரம் பழக்க வேண்டும், அதற்குள் ஒன்றையொன்று தின்று பாதி போகும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டரில், தீவனத்துக்குப் பழகியதை வாங்குங்கள். விற்பவர் தொட்டியில் ஒரு பிடி தீவனத்தைப் போடச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். தன் நீளத்தில் பாதிக்கு மேலிருக்கும் தம்பியையும் விரால் விழுங்கும் என்பதால், பதினைந்து சென்டிமீட்டர் தாண்டும் வரை பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை பெரிது சிறிது பிரிக்க வேண்டும். தொட்டி விளிம்பு நீருக்கு மேல் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நிற்கட்டும். மேலே இறுகக் கட்டிய வலை.

கார்த்திகை முதல் தை வரை புண் நோய்க் காலம். நீர் குளிர்ந்து, மழைநீரால் காரத்தன்மை குறையும்போது பூஞ்சை உள்ளே துளைத்துச் சிவந்த புண் வரும். குட்டையில் சுண்ணாம்பும் உப்பும் போடலாம். ஒருவழி முறையில் நோயுற்ற தொட்டியை மட்டும் நிறுத்தி, லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் உப்பில் வைக்கலாம். அந்த நீரைத் தோட்டத்துக்கு விடாமல் ஒதுக்கினால் சரி. சுழல் அக்வாபோனிக்ஸில் உப்போ மருந்தோ போட முடியாது. உப்பு கீரையைக் கொல்லும், ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் பாக்டீரியாவைக் கொல்லும், ஆன்டிபயாட்டிக் கீரையோடு சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும். எதிர்ப்பக்கமும் அப்படியே, கீரைப் புழுவுக்கு அடிக்கும் வேப்பெண்ணெய் கூட வழிந்து தொட்டிக்குப் போனால் மீனைப் பாதிக்கும். புழுவைக் கொல்லும் பி.டி. (Bt) பாக்டீரியாத் தூளும் மஞ்சள் ஒட்டு அட்டையும் தவிர வேறெதையும் நம்ப முடியாது. சுழல் முறைதான் வேண்டும் என்பவர், புதுக்குஞ்சை மூன்று வாரம் ஒதுக்கி வைக்கத் தனித் தொட்டி இல்லாமல் தொடங்கக் கூடாது.

2020-ல் தொடங்கிய மத்திய அரசின் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வைக்கப்பட்டது. குட்டையும் பயோஃபிளாக்கும் அதில் நேரடியாக வந்தன. மானியத்தை நம்பித் தீவனக் கணக்கை விட்டுவிடக் கூடாது. விராலில் செலவில் பாதிக்கு மேல் தீவனம் என்பதால், ஒரு போகத் தீவனத்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்த பிறகே மிச்சத்துக்குத் தொட்டி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியான விரால், மீன் மூழ்கும் அளவு நீரும் மூடியில் துளையும் உள்ள டிரம்மில் ஐந்தாறு மணி நேரப் பயணத்தை உயிரோடு தாங்கும். செத்த விராலுக்கு வியாபாரி பாதி விலையைத்தான் பேசுவார். அரைக் கிலோவுக்குக் கீழ் விலை இறங்குவதால், தொட்டியை ஒரே நாளில் காலி செய்யாமல் இரண்டு தவணையாகப் பெரியதை முதலில் எடுத்தால் சிறியவை மூன்று வாரத்தில் எட்டிப் பிடிக்கும்.